குரல் இருந்தும் நிறுத்தினார்கள்: டோனி பென்னட்டின் கடைசி மேடை

2021 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுக்கு 95 வயது நிறைந்தது. அன்றிரவு நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ஏறத்தாழ 6,000 பேர் முன்னால் பாடினார். ஒரு நாள் இடைவெளி விட்டு 5ஆம் தேதி மறுபடியும் பாடினார். இரண்டு இரவும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வாரம், ஆகஸ்ட் 12 அன்று, அவருடைய மகனும் மேலாளருமான டேனி பென்னட் ‘வெரைட்டி’ இதழுக்குச் செய்தி சொன்னார்: அப்பாவின் கச்சேரிகள் இத்தோடு முடிந்தன, அந்த ஆண்டில் மீதமிருந்த தேதிகள் எல்லாம் ரத்து, இது மருத்துவரின் உத்தரவு.

வயதான பாடகர்கள் மேடையை விடுவதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் காரணம் ஒன்றுதான். குரல் போய்விட்டது. மேல் ஸ்தாயி எட்டவில்லை, சுருதி நழுவுகிறது, பாதி வரியில் மூச்சு நின்றுவிடுகிறது. விமர்சகர்கள் முதலில் நாசூக்காக எழுதுவார்கள், பிறகு நேராகவே எழுதுவார்கள், பிறகு எழுதாமலே விட்டுவிடுவார்கள். பென்னட் விஷயத்தில் இதில் ஒன்றுமே நடக்கவில்லை. பாட முடியுமா என்ற கவலை எங்களுக்கு இல்லை என்று டேனியே சொன்னார். களைத்துப்போகிறார், பயணம் தாங்கவில்லை, மேடையில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒருவரை, அதுவும் ஆண்டுக்கணக்கில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயோடு பாடிவந்தவரை, ஒரு வெற்றிக்கு அடுத்த வாரமே நிறுத்தினார்கள். இந்த நிகழ்வை எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். நிறுத்தும் நாளை முடிவு செய்வதில் குரலுக்கு நாம் கொடுக்கும் இடம் மிக அதிகம் என்பது என் கருத்து. மேடையில் கழியும் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பார்க்கிறோம். நாளின் மற்ற இருபத்திரண்டரை மணி நேரத்தில்தான் உண்மையான கணக்கு இருக்கிறது.

முன்கதை, சுருக்கமாக

1926இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், இத்தாலியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஆண்டனி டொமினிக் பெனடெட்டோ. பத்து வயதில் தந்தையை இழந்தார். இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் ஜெர்மனி வரை போனார். திரும்பி வந்ததும், போர் வீரர்களுக்கான அரசு உதவியில் ‘பெல் காந்தோ’ என்னும் இத்தாலியக் குரல்முறையைப் பயின்றார். 1951இல் ‘பிகாஸ் ஆஃப் யூ’ பாட்டு அவரை முதலிடத்துக்குக் கொண்டுபோனது. சான் பிரான்சிஸ்கோவில் இதயத்தை விட்டுவந்ததாகச் சொல்லும் 1962 பாட்டு ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது.

எழுபதுகளில் எல்லாம் சரிந்தது. ராக் இசை வந்த வேகத்தில் ஒலிப்பதிவு ஒப்பந்தம் போனது, வரி பாக்கி ஏறியது, கொக்கெய்ன் பழக்கம் 1979இல் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோய் விட்டது. அப்போதுதான் மகன்களைக் கூப்பிட்டார். டேனி கணக்கு வழக்குகளைக் கையில் எடுத்தார், பிறகு தொழில் முழுவதையுமே எடுத்துக்கொண்டார். அப்பாவின் பாட்டையோ உடையையோ மாற்றாமல், இளைஞர்கள் பார்க்கும் தொலைக்காட்சிக்கு அவரை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினார். 1994இல் எம்டிவியில் பாடிய நிகழ்ச்சியின் பதிவு அடுத்த ஆண்டு கிராமியின் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருதைப் பெற்றது. 2011இல் 85 வயதிலும், பாப் பாடகி லேடி காகாவோடு சேர்ந்து 2014இல் 88 வயதிலும் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம். இரண்டாவது வாழ்க்கை முதலாவதைவிட நீளமாக ஓடியது. அதைக் கட்டியெழுப்பியவர் டேனி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் முடிவும் கடைசியில் அவர் கைக்குத்தான் வந்து சேர்ந்தது.

மறைத்த ஆண்டுகள்

2015இல், மேடையில் தன்னோடு வாசிக்கும் கலைஞர்களின் பெயர்கள் ஞாபகம் வரவில்லை என்று மனைவி சூசனிடம் சொன்னவர் பென்னட்தான். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றதும் அவரே. அடுத்த ஆண்டு அல்சைமர் என்று உறுதியானது. மன்ஹாட்டனின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் காயத்ரி தேவி, பாட்டை விடவேண்டாம் என்றார். பாடுவது அவருடைய மூளையை விழிப்பாக வைத்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. எனவே கச்சேரிகள் தொடர்ந்தன. 2020 மார்ச் 11 அன்று நியூஜெர்சியின் ரெட் பேங்கில் பாடினார். பிறகு கொரோனா வந்து எல்லா அரங்குகளையும் மூடியது.

இத்தனை காலமும் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில், அமெரிக்க முதியோர் அமைப்பான ஏஏஆர்பியின் இதழில் ஜான் கொலபிண்டோ எழுதிய கட்டுரை வழியாகத்தான் குடும்பம் அதை வெளிப்படுத்தியது. முள்கரண்டி, வீட்டுச் சாவி போன்ற அன்றாடப் பொருள்கள்கூடச் சில சமயம் பென்னட்டுக்கு விளங்காதவையாகிவிடுகின்றன என்று அதில் இருந்தது. அதே மனிதர், ஊரடங்குக் காலத்தில் வாரம் இரண்டு முறை பியானோ கலைஞர் லீ மியூசிக்கரோடு வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். தொண்ணூறு நிமிடக் கச்சேரியை முழுதாகப் பாடினார்.

இது எப்படி முடியும் என்று வியப்பதைவிட, ஏன் முடிகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் முதலில் அரிக்கிறது. காலையில் வந்தவர் யார், இன்று என்ன கிழமை என்பதெல்லாம் அங்கேதான் நழுவிப்போகின்றன. அறுபது எழுபது ஆண்டு பாடிப் பாடி ஊறிய பாட்டு அப்படி ஒரே இடத்தில் இல்லை. சொல், மெட்டு, தாளம், வாயசைவு, மூச்சு, உணர்ச்சி என்று மூளையில் பல இடங்களில் பரவிக் கிடக்கிறது. ஒன்று தடுமாறினாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டுவந்துவிடும். பியானோவில் முன்னிசை எழுந்ததும் முதல் வரி தானாக வரும், முதல் வரி இரண்டாவதைக் கூட்டிவரும். பேச்சுக்கு இந்தக் கைத்தாங்கல் கிடையாது. அடுத்த வாக்கியத்தை நாமேதான் தேட வேண்டும்.

பென்னட்டின் பாணியும் முதுமைக்கு இடம்கொடுத்த பாணி. கத்திப் பாடியவர் அல்லர். பெல் காந்தோ பயிற்சியில் கற்ற ஸ்வர வரிசைகளை வாழ்நாள் முழுதும் விடாமல் சாதகம் செய்தவர். ஜாஸ் கலைஞர்களைப் போல வரியைத் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வைத்துப் பேசுவதுபோலப் பாடியவர். இப்படிப் பாடும்போது ஒரு ஸ்வரம் எட்டவில்லை என்றால் அதைப் பேச்சாக்கிவிடலாம், மூச்சு போதவில்லை என்றால் வரியை முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். கேட்பவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, முதிர்ச்சி என்கிறார். ஓபரா பாடகருக்கோ உச்சஸ்தாயியில் உறுமும் ராக் பாடகருக்கோ இந்தச் சலுகை கிடையாது. “95 வயதிலும் பாடினாரே, மற்றவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள்” என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்த ரகசியம் பற்றி எனக்கு நிம்மதியில்லாத அபிப்பிராயம்தான் இருக்கிறது. நோயைச் சொல்ல வேண்டிய கடமை எந்தக் கலைஞருக்கும் இல்லை. சொல்லியிருந்தால் அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியும் பரீட்சையாகியிருக்கும். எந்த வரியை மறந்தார், யார் பெயரைத் தவறவிட்டார் என்று அரங்கம் எண்ணிக்கொண்டிருக்கும். கைதட்டலிலும் பரிதாபம் கலந்துவிடும். அந்தத் தொல்லையில்லாமல் சில ஆண்டுகள் அவர் பாடகராகவே பாடினார், நோயாளியாக அல்ல. அதுவரை சரி. ஆனால் ரகசியம் காக்கப்படும் வரை வெளியிலிருந்து யாரும் ‘போதும்’ என்று சொல்லவும் முடியாது. மேலாளர், மனைவி, மருத்துவர் என்ற சிறு வட்டம் மட்டுமே எல்லாவற்றையும் எடைபோட வேண்டியிருந்தது.

சம்மதம் யாருடையது?

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அல்சைமர் என்றால் என்ன என்று பென்னட் கேட்பாராம். சூசன் விளக்குவார், அவருக்குப் பிடிபடாது, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோயை உலகுக்கு அறிவிக்கலாமா, மேடையேறலாமா, விடலாமா என்று தீர்மானிக்கும் நிலையில் அவர் இல்லை. கேட்டால் பாடுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார், எப்போதும் அதைத்தான் சொல்லிவந்தார். அந்தப் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

லேடி காகாவோடு இரண்டாவது ஆல்பத்தை 2018 முதல் 2020 தொடக்கம் வரை நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். பழைய அமெரிக்கப் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான கோல் போர்ட்டரின் பாட்டுகள். அந்தப் பதிவின்போது எடுத்த காட்சிகளை கொலபிண்டோ பார்த்திருக்கிறார். பென்னட் அதிகம் பேசுவதில்லை, பேசினாலும் தயங்கித் தயங்கித்தான் பேசுகிறார், சில நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல முழிக்கிறார். தாங்கள் சேர்ந்து போன பழைய சுற்றுப்பயணத்தைப் பற்றி காகா பேச்செடுத்தால் நிச்சயமில்லாமல் ஆமாம் என்கிறார். காகாவோ சின்னச் சின்ன வாக்கியங்களாகவே பேசுகிறார். பாட்டு தொடங்கினால் நிலைமை வேறு.

அந்த ஆல்பம் 2021இல் வெளிவர இருந்தது. வெளியீடு என்றால் பேட்டிகள் உண்டு, பேட்டி கொடுக்கும் நிலையில் அவர் இல்லை. நோயை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைக் குடும்பம் மறைக்கவில்லை. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு முதியவரின் நோயைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அந்தச் சந்தேகத்தை முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. ரேடியோ சிட்டி நிகழ்ச்சி அந்த ஆண்டு நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்த இரண்டு இரவுகளும் ஒரே சமயத்தில் பிறந்தநாளாகவும், பிரியாவிடையாகவும், ஆல்பத்துக்கான விளம்பரமாகவும், ஒளிப்பதிவாகவும் இருந்தன. மகனாகப் பார்த்தால் ஒரு விடை, மேலாளராகப் பார்த்தால் வேறு விடை. டேனி இரண்டுமாக இருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருத்துவர் தேவி சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, கொரோனா அடைப்புக்கு முன்பு பென்னட்டின் ஞாபகம் எவ்வளவோ மேலாக இருந்தது என்பதுதான். அரங்குகள் மூடிய பிறகு சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. மேடையில் ஏற்றுவது அவரைச் சுரண்டுவது என்று சொல்பவர்கள், மேடையைப் பறிப்பதும் அவருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சும்மா வீட்டில் உட்கார வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே பொருந்தவில்லை.

அந்த இரண்டு இரவுகள்

நிகழ்ச்சியை அமைத்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் காகா தனியாகப் பாடி அரங்கைச் சூடேற்றினார். பிறகு பென்னட் தனக்குப் பழக்கமான சிறு வாத்தியக் குழுவோடு, பல பத்தாண்டுகளாகப் பாடிய பாட்டுகளைப் பாடினார். கடைசியில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். புதிதாகக் கற்க வேண்டியது எதுவும் அவர் தலையில் ஏற்றப்படவில்லை. அரங்கம் சொந்த ஊரில், சென்ட்ரல் பூங்காவை ஒட்டிய அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில். விமானம் இல்லை, விடுதி இல்லை, விடிந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்ற குழப்பம் இல்லை.

மேடையில் அவர் காகாவைப் பெயர் சொல்லி அழைத்தார். வெகுநாளாக அவர் தன் பெயரைச் சொல்லவில்லை என்று காகா பிறகு ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பரிடம் சொன்னார். இந்தக் காட்சியை வைத்து இசை அல்சைமரைக் குணப்படுத்துகிறது என்று எழுதியவர்கள் பலர். அது பிழை. நோய் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. பழகிய மேடையும் வெளிச்சமும் வாத்தியமும் கூட்டமும் சேர்ந்து சில மணி நேரத்துக்கு அவருக்கு வழிகாட்டின. நடந்தது அவ்வளவுதான்.

அப்படி நடந்ததால்தான் நிறுத்தும் முடிவு கடினமாகியிருக்க வேண்டும். கண்ணெதிரே இரண்டு இரவு ஜெயித்திருக்கிறது. மேரிலாந்து, கனெக்டிகட், அரிசோனா, ஓக்லஹோமா, கனடா என்று தேதிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விமானம், கார், விடுதி, பழக்கமில்லாத குளியலறை, தெரியாத மேடைப் படிகள். ரேடியோ சிட்டி வெற்றிக்குக் காரணமான எதுவும் அந்த ஊர்களில் இல்லை. 95 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பது முதியவர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் தெரியும். டேனி சொன்ன காரணம் சாக்கு அல்ல. பாட்டில் குறை சொல்லாமல் பயணத்தையும் களைப்பையும் மட்டும் காரணமாகச் சொன்னது தந்தையின் மரியாதையைக் காப்பதற்காகவும் இருக்கலாம், ஆனால் அது உண்மையாகவும் இருந்தது. ‘மருத்துவர் உத்தரவு’ என்ற சொல் மகனையும் மேலாளரையும் ஒரே நேரத்தில் விடுவித்தது.

பாட்டு நிற்கவில்லை. வீட்டில் பியானோவோடு தொடர்ந்து பாடினார். 2023 ஜூலை 21 அன்று, 97ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார். சில நாள் முன்புகூடப் பாடினார் என்றும், கடைசியாகப் பாடியது ‘பிகாஸ் ஆஃப் யூ’ என்றும் அவருடைய அதிகாரப்பூர்வப் பக்கம் தெரிவித்தது.

வேறு விதமாக முடிந்தவர்கள்

பென்னட்டைத் தன் தொழிலின் ஆகச்சிறந்த பாடகர் என்று 1965இலேயே புகழ்ந்த ஃபிராங்க் சினாட்ரா, 1971இல் ஓய்வு அறிவித்து 1973இல் திரும்பி வந்தவர். கடைசி ஆண்டுகளில் பாட்டு வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துப் பாடினார். அப்படியும் வரிகள் தவறின. 1994 மார்ச்சில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். அதோடு நிறுத்தவில்லை. அந்த டிசம்பரில் ஜப்பான் வரை போய்ப் பாடினார். விழுந்தது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. டேனி தன் தந்தைக்கு அஞ்சியது எதை என்பதற்கு இதைவிட நேரான முன்னுதாரணம் தேவையில்லை.

அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகர் க்ளென் கேம்பல் எதிர்வழியில் போனார். அல்சைமர் என்று தெரிந்த பின் 2011இல் முதலிலேயே அறிவித்துவிட்டு, பிரியாவிடைச் சுற்றுப்பயணம் கிளம்பினார். சில வாரங்கள் என்று நினைத்தது 151 நிகழ்ச்சிகளாக நீண்டு, 2012 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் நாப்பாவில் முடிந்தது. வாத்தியக் குழுவில் அவருடைய பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். ஒரே பாட்டை இரண்டாம் முறை தொடங்கினால் திருப்பிவிட, கிதாரில் கை தடுமாறினால் அருகில் நின்று தாங்க, அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். வந்தவர்களுக்கும் எதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று தெரியும். பென்னட்டைவிட கேம்பலின் வழி நேர்மையானது. ஆனால் சறுக்கல்களும் சேர்ந்தே ஊருக்குத் தெரிந்தன, படமாகவும் எடுக்கப்பட்டன. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், கேம்பலின் தொடக்கமும் பென்னட்டின் முடிவும் என்பேன்.

பென்னட் வீட்டார் செய்திருக்கக் கூடியது இன்னொன்றும் இருந்தது. ஞாபகம் தவறுகிறது என்று 2015இல் தானே கண்டு சொன்ன மனிதர் அப்போது தெளிவாகத்தான் இருந்தார். எந்த அறிகுறி வந்தால் நிறுத்தலாம், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். அப்படி ஏதாவது நடந்திருந்தாலும் அது பொதுவெளிக்கு வரவில்லை. சொத்துக்கு உயில் எழுதுகிறோம், நினைவு தப்பினால் என்ன சிகிச்சை வேண்டும் என்றுகூட அமெரிக்காவில் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். மேடைக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், 2021இல் டேனி மருத்துவரின் பெயரைச் சொல்லாமல் தந்தையின் பெயரையே சொல்லி அந்த ஐந்தாறு ஊர்களின் டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.